ஓடையை மீட்கும் பீவர்

அணை கட்டுதல் மனிதனுக்கே உரிய தொழில் என்று நாம் எண்ணியிருக்கிறோம். நீரின் போக்கை அறிந்து, தக்க இடம் தேர்ந்து, கல்லும் மண்ணும் மரமும் கொணர்ந்து, ஓடும் நீரை மறித்து நிறுத்துதல் அறிவும் உழைப்பும் ஒருங்கே வேண்டும் வேலையன்றோ? ஆயினும், மனிதன் தன் முதல் அணையைக் கட்டுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பிருந்தே இத்தொழிலைச் செய்துவரும் விலங்கு ஒன்று உண்டு. அதன் பெயர் பீவர். வட அமெரிக்காவிலும், ஐரோப்பா ஆசியாக் கண்டங்களின் வடபகுதிகளிலும் அது வாழ்கிறது. நம் நாட்டுக் காடுகளில் அவ்விலங்கு இல்லை. சிலர் அதனை நீர்நாய் என்று எழுதிவிடுகின்றனர், அது பொருந்தாது. நீர்நாய் மீனைப் பிடித்துத் தின்னும். பீவரோ மீனைத் தின்பதே இல்லை. எலி, அணில், முள்ளம்பன்றி ஆகியவற்றைப் போல அதுவும் கொறிக்கும் இனத்தைச் சார்ந்தது.

நன்கு வளர்ந்த பீவர் பெரும்பாலும் 15 முதல் 30 கிலோகிராம் வரை எடையுடையதாக இருக்கும். உடல் தடித்துக் குறுகியது. பின்னங்கால் விரல்களை வாத்தின் காலிற்போல ஒரு தோல் இணைத்திருக்கும். வால் தட்டையாய், செதில் படர்ந்து, துடுப்பைப் போல் விளங்கும். பகை வரக் கண்டவுடன் அவ்வாலால் நீரை ஓங்கி அறையும். அவ்வோசை கேட்டுக் குடும்பம் முழுவதும் நீருள் மூழ்கிவிடும். ஒருமுறை மூச்சடக்கினால் 15 நிமிடம் வரை நீருக்குள் இருக்க வல்லது. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். மரத்தைக் கொறிக்கக் கொறிக்கத் தேய்ந்துகொண்டும் இருக்கும். அப்பற்களின் மேற்புறத்தில் இரும்புச் சத்து கலந்திருப்பதால் அவை செம்மஞ்சள் நிறமாகத் தோன்றும். மரத்தின் உட்பட்டை, தளிர், நீர்ப்பூண்டு ஆகியவையே அதன் உணவு.

நீரில் இத்துணைத் திறமை வாய்ந்த பீவர் தரையில் மிக மெதுவாக நடக்கும். ஓநாயும் கரடியும் அதனை எளிதில் பிடித்துவிடும். ஆகவே, தன் வீட்டைச் சுற்றி எந்நாளும் ஆழமான நீர் இருக்கவேண்டும் என்பது அதற்கு உயிர்ப் பிரச்சினையாகும். ஓடை ஆழமற்றதாயின், அது அணை கட்டி நீரைத் தேக்கி ஆழமாக்கிக்கொள்ளும். கரையோர மரங்களைப் பல்லால் அறுத்து வீழ்த்தி, கிளைகளைத் துண்டாக்கி, நீரில் இழுத்துவந்து அடுக்கும். கற்களையும் சேற்றையும் முன்னங்கால்களால் அணைத்துக்கொண்டு வந்து இடுக்குகளை அடைக்கும். தேங்கிய நீரின் நடுவே குச்சியும் சேறும் குவித்து வீடு அமைக்கும். அவ்வீட்டின் வாயில் நீருக்கு அடியில் இருக்கும். இருக்கும் அறையோ நீர்மட்டத்திற்கு மேலே உலர்ந்திருக்கும். குளிர்காலத்தில் குளத்தின் மேற்பரப்பு பனிக்கட்டியாய் உறைந்துவிடும். அப்பொழுதைக்கென்று இலையுதிர் காலத்திலேயே கிளைகளை நீருக்குள் சேமித்துவைக்கும் வழக்கமும் அதற்கு உண்டு.

ஓடும் நீரின் ஓசையே பீவரை அணை கட்டத் தூண்டுகிறது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் லார்ஸ் வில்சன் என்பார் 1960-களில் இதனைச் சோதித்துப் பார்த்தார். நீர் சலசலக்கும் ஓசையை ஒலிபெருக்கியில் எழுப்பியபொழுது, பீவர்கள் அவ்வொலிபெருக்கியின் மேலேயே குச்சிகளைக் கொண்டுவந்து குவித்தனவாம்! பொறியாளர் கண்ணால் தேடும் உடைப்பை இவ்விலங்கு செவியால் தேடுகிறது என்று சொல்லலாம். ஒரு குடும்பம் கட்டும் அணை பெரும்பாலும் சிறியதே. ஆயினும், பல தலைமுறைகள் விடாது கட்டிவந்தால் அது எவ்வளவு பெரிதாகும் என்பதற்குக் கனடா நாட்டு வுட் பஃபலோ தேசியப் பூங்காவில் ஒரு சான்று உண்டு. அங்குள்ள பீவர் அணையின் நீளம் ஏறத்தாழ 800 மீட்டர். அடர்ந்த சதுப்புக் காட்டில் மறைந்து கிடந்த அதனை 2007-ஆம் ஆண்டில் செயற்கைக்கோள் படங்களின் வாயிலாகவே கண்டறிந்தனர்.

இனி, இவ்வணையால் ஓடைக்கு நேரும் மாற்றத்தைப் பார்ப்போம். பீவரின் அணை நாம் கட்டும் அணையைப் போல நீரை முற்றும் அடைத்து நிறுத்துவதன்று. அதில் எங்கும் கசிவு உண்டு. மேல் வழிதலும் உண்டு. அக்கசிவைக் குறையென்று எண்ணுதல் தவறு. அதுவே அதன் சிறப்பு. விரைந்து ஓடிய நீர் அணையின் பின்னே நின்று அகலப் பரவுகிறது. விரைவு குறைந்தவுடன் நீர் சுமந்துவந்த வண்டல் அடியில் படிகிறது. தேங்கிய நீர் இருபுறக் கரையினுள்ளும் அடிநிலத்தினுள்ளும் ஊறுகிறது. மலைப்பனி உருகும் காலத்தில் இவ்வாறு நிலத்துக்குள் புகுந்த நீர், கோடையில் சிறிது சிறிதாக ஊறி மீண்டும் ஓடைக்கே வருகிறது. நிலத்தடியினின்றும் வருவதாதலின் அது குளிர்ந்தும் இருக்கிறது. ஈரம் பெற்ற கரைகளில் நம் ஆற்றுப்பாலை மரத்திற்கு உறவான வில்லோ மரங்கள் தழைக்கின்றன. தவளையும் தும்பியும் பறவையும் மீன்குஞ்சும் வந்து சேருகின்றன. ஒற்றைக் கால்வாயாய் ஓடிய நீர், குளமும் சதுப்பும் கிளையோடைகளுமாகப் பள்ளத்தாக்கு முழுவதையும் நனைத்துக்கொண்டு செல்கிறது.

வட அமெரிக்காவின் ஓடைகள் பல ஒரு காலத்தில் இவ்வாறே இருந்தன. ஐரோப்பியர் அங்குக் குடியேறுவதற்குமுன் அக்கண்டத்தில் குறைந்தது 6 கோடி பீவர்களேனும் இருந்திருக்கக்கூடும் என்று மதிப்பிடுகின்றனர். அவற்றுக்குக் கேடாக முடிந்தது அவற்றின் மயிரே. பீவரின் அடிமயிர் மிக மென்மையானது, நெருக்கமானது. அதனை அழுத்திச் செய்த தொப்பிகளை ஐரோப்பியச் செல்வர்கள் பெரிதும் விரும்பினர். மழையில் நனைந்தாலும் உருவம் குலையாத அத்தொப்பிக்காகவே பெரும் வாணிகம் ஒன்று எழுந்தது. 1670-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் முதன்மைச் சரக்கு பீவர்த் தோலே. ஒரு பள்ளத்தாக்கில் பீவர்கள் தீர்ந்தவுடன் வேட்டைக்காரர் அடுத்த பள்ளத்தாக்கிற்குச் சென்றனர். 1900-ஆம் ஆண்டளவில் கண்டம் முழுவதிலும் சுமார் 1 இலட்சம் பீவர்களே எஞ்சின என்பர். ஐரோப்பா, ஆசியா ஆகியவற்றின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அங்கு எஞ்சியவை ஏறத்தாழ 1,200 மட்டுமே.

விலங்கு மறைந்தபின் அதன் அணைகளும் அழிந்தன. பழுது பார்ப்பார் இன்மையால் ஒவ்வொரு வெள்ளத்திலும் ஓர் அணை உடைந்தது. தடையின்றிப் பாய்ந்த நீர் தன் படுகையையே அரித்தது. ஓடை ஆண்டுதோறும் ஆழ்ந்து, இருபுறமும் செங்குத்தான கரைகளையுடைய பள்ளமாயிற்று. ஓடை தாழத் தாழ, நிலத்தடி நீரும் உடன் தாழ்ந்தது. வேர் நீரைத் தொட இயலாத வில்லோ மரங்கள் பட்டுப்போயின. கால்நடைகள் கரைகளை மேய்ந்து மிதித்தமையும் இக்கேட்டை மிகுவித்தது. வெள்ளம் வந்தால் ஒரேயடியாக வருதலும், கோடையில் ஓடை வற்றிப்போதலும் வழக்கமாயின. தொப்பி அணிந்தவர்கள் இவ்விளைவை அறிந்திருக்க வழியில்லை. அவர்கள் இருந்த இடம் வேறு, வறண்ட இடம் வேறு.

வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தபின், எஞ்சிய பீவர்களைப் பிடித்து, அவை அழிந்துபோன இடங்களில் மீண்டும் குடியேற்றும் முயற்சிகள் தொடங்கின. இம்முயற்சிகளுள் மிகவும் வியப்பூட்டுவது 1948-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த ஐடஹோ மாநிலத்தில் நடந்ததாகும். அங்குப் பேயட் ஏரியை அடுத்த பகுதியில் மக்கள் மிகுதியாகக் குடியேறிய காலம் அது. பீவர்கள் தோட்டங்களையும் கால்வாய்களையும் கெடுக்கின்றன என்று முறையீடுகள் எழுந்தன. அவற்றைத் தொலைவிலுள்ள மலைக்காட்டிற்குக் கொண்டுபோக அம்மாநில வனவிலங்குத் துறை எண்ணியது. ஆனால், அங்குச் செல்லச் சாலை கிடையாது. குதிரை மீதும் கோவேறு கழுதை மீதும் ஏற்றிச் சென்றால், பீவர்கள் வெயிலின் வெப்பம் தாங்காது நோயுற்றன, பல இறந்தன. முதுகிலே முட்டிமோதும் கூண்டைச் சுமந்த குதிரைகளோ மிரண்டன.

அத்துறையில் பணியாற்றிய எல்மோ ஹீட்டர் என்பவர் ஒரு வழி கண்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பயனின்றிக் கிடந்த பாரசூட்டுகள் மலிவாகக் கிடைத்தன. பீவர்களை மரப்பெட்டியில் அடைத்து, பாரசூட்டில் கட்டி, விமானத்திலிருந்து இறக்கினால் என்ன? முதலில், வில்லோக் கிளைகளால் பின்னிய பெட்டி செய்யலாம் என்று அவர் எண்ணினார்; பீவரே அதனைக் கடித்துத் திறந்துகொண்டு வெளியேறும் அல்லவா? ஆனால், அது விமானத்திற்குள்ளேயே கடித்துத் திறந்துவிட்டால் என் செய்வது என்ற அச்சம் பிறந்தது. ஆகவே, தரையில் மோதியவுடன் தானே திறந்துகொள்ளும் பெட்டி ஒன்றை அமைத்தார்.

சோதனைக்கென ஜெரோனிமோ என்று பெயரிட்ட ஒரு முதிய ஆண் பீவரைத் தேர்ந்தனர். அதனை ஒரு திடலில் பலமுறை இறக்கிப் பார்த்தனர். பெட்டி திறந்து அது வெளியே வரும்போதெல்லாம், காத்திருந்த பணியாளர் அதனைப் பிடித்து மீண்டும் பெட்டியில் அடைத்தனர். இறுதியில் பாவம், அது பணியாளரைக் கண்டவுடன் தானே பெட்டிக்குள் ஏறிக்கொள்ளலாயிற்று என்று ஹீட்டர் எழுதியிருக்கிறார். அதன் பொறுமைக்குப் பரிசாக, மலைக்காட்டிற்குச் சென்ற முதல் பயணத்திலேயே மூன்று இளம் பெண் பீவர்களுடன் அதனை அனுப்பிவைத்தனர். மொத்தம் 76 பீவர்கள் இவ்வாறு இறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று மட்டும் நடுவானில் பெட்டியினின்றும் வெளியேறி விழுந்து இறந்தது. ஏனையவை இனிது இறங்கின. அடுத்த ஆண்டு சென்று பார்த்தபோது, அவை அணையும் வீடும் கட்டிக் குடியேறியிருந்தன. இந்நிகழ்ச்சியைக் காட்டும் திரைப்படச் சுருள் பல ஆண்டுகள் மறைந்து கிடந்து அண்மையில்தான் கிடைத்தது.

எல்லா ஓடைகளிலும் பீவரைக் கொண்டுபோய் விடுதல் ஒன்றே போதுமானதன்று. மிக ஆழ்ந்துவிட்ட ஓடையில் அதன் அணை நிலைப்பதில்லை. அகன்று பரவ இடமில்லாத வெள்ளம் பள்ளத்தினுள் முழு வலிமையோடு பாய்ந்து அணையை உடைத்தெறிந்துவிடும். ஒரிகான் மாநிலத்தில் ஜான் டே ஆற்றில் கலக்கும் பிரிட்ஜ் கிரீக் என்னும் ஓடையின் நிலை இதுவே. அங்குப் பீவர்கள் இருந்தன, அணையும் கட்டின, ஆயினும், தடித்த மரங்கள் இல்லாமையால் மெல்லிய குச்சிகளால் கட்டிய அணைகள் வெள்ளந்தோறும் அழிந்தன. ஆராய்ச்சியாளர்கள் ஒரு கருத்துக்கு வந்தனர். பீவருக்கு வேண்டுவது உறுதியான அடித்தளம் மட்டுமே; அதனை நாம் கொடுப்போம், ஏனையவற்றை அது பார்த்துக்கொள்ளும்.

2009-ஆம் ஆண்டு தொடங்கி அவர்கள் அவ்வோடையின் குறுக்கே பல இடங்களில் மரக்கழிகளை வரிசையாக அடித்து இறக்கினர். கழிகளுக்கிடையே வில்லோக் கிளைகளைத் தட்டி பின்னுவது போலப் பின்னினர். இதற்குச் சிமெண்டும் வேண்டுவதில்லை. பெரும் பொருளும் வேண்டுவதில்லை. பீவர்கள் அவ்வேலிகளைக் கண்டு, தம்முடைய குச்சியும் சேறும் சேர்த்து அவற்றை அணைகளாக்கிக்கொண்டன; புதிய அணைகளையும் எழுப்பின. அணைகளின் பின்னே வண்டல் படிந்து படுகை உயர்ந்தது. நீர் பழைய வெள்ளச் சமவெளியில் மீண்டும் பரவியது.

அவ்வோடையில் ஸ்டீல்ஹெட் என்னும் மீன் இனம் உண்டு. அது நன்னீரில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிட மீண்டும் பிறந்த ஓடைக்கே திரும்பும் இயல்புடையது. அணைகள் மீனின் வழியை அடைத்துவிடும் என்றும், தேங்கிய நீர் வெயிலில் சூடேறி மீனைக் கொல்லும் என்றும் அஞ்சியவர் பலர். அவ்வச்சம் நியாயமானதே. ஆகவே, ஆராய்ச்சியாளர்கள் மீன்களின் உடலில் நுண்ணிய மின்னணு அடையாளங்களைப் பொருத்தி, அவற்றின் நடமாட்டத்தைப் பல ஆண்டுகள் கணித்தனர். பீவர் அணைகள் இவ்வாறு பெருகாத வேறோர் ஓடையையும் ஒப்பிட்டுக் கண்டனர். முடிவுகள் 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தன. மீன்கள் அணைகளைக் கடந்து மேலும் கீழும் சென்றிருந்தன. இளமீன்களின் நெருக்கமும் உயிர் பிழைக்கும் அளவும் கூடியிருந்தன. மீன் விளைவு 175 விழுக்காடு மிகுந்திருந்தது. ஓடையும் சூடேறவில்லை, நிலத்தடி நீர் கலந்தமையால் குளிர்ந்த பகுதிகள் பல தோன்றியிருந்தன.

ஈரம் தங்கிய பள்ளத்தாக்கிற்கு மற்றொரு பயனும் உண்டு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காட்டுத்தீ பேரழிவு செய்வது. அங்கு நேர்ந்த பெருந்தீக்கள் ஐந்தினை எமிலி ஃபேர்ஃபாக்ஸ் என்னும் அறிஞரும் அவருடன் சேர்ந்த ஒருவரும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்து, 2020-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். பீவர் அணைகள் உள்ள ஓடைக்கரைகள் தீயின் நடுவிலும் பசுமையாகவே நின்றன. அணைகள் இல்லாத கரைகளில் பசுமையின் இழப்பு மூன்று மடங்கிற்கும் மேலாக இருந்தது. தீக்கு அஞ்சி ஓடும் விலங்குகளுக்கு இக்கரைகள் புகலிடமாகும்.

இவ்வளவு நன்மை செய்யும் விலங்கை மக்கள் எல்லாரும் வரவேற்பதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. பீவர் நம்முடைய நிலம், பிறருடைய நிலம் என்று பார்ப்பதில்லை. சாலையின் அடியிலுள்ள நீர்க்குழாயை அடைத்துவிடும்; உழவரின் வயலில் நீரைத் தேக்கிவிடும்; அருமையாக வளர்த்த பழமரத்தை ஓரிரவில் வீழ்த்திவிடும். அத்தகைய உழவரிடம் சென்று ஓடையின் நலத்தைப் பேசுதல் எளிதன்று. இழப்பு ஒருவருக்கு, பயன் ஊருக்கு என்றால் வழக்கு எழாமல் இராது. எனினும், இத்தொல்லைகள் பலவற்றிற்கு மாற்று உண்டு. மரத்தின் அடியில் கம்பிவலை சுற்றினால் பீவர் அதனை அறுக்க இயலாது. தேங்கிய நீர் மிகுமாயின், அணையினூடே ஒரு குழாயைச் செலுத்தி, அதன் வாயை நீருக்கு அடியில் கூண்டினால் மூடிவைப்பர். நீர் ஓசையின்றி வெளியேறும். ஓசை கேளாத பீவர் அதனை அடைக்க முற்படாது. வில்சன் கண்ட உண்மை இங்குப் பயன்படுவதைக் காண்க.

ஐரோப்பாவிலும் பீவர் திரும்பிவருகிறது. சுவீடனில் 1871-ஆம் ஆண்டளவில் அற்றுப்போன இவ்வினத்தை 1922-இல் நார்வேயினின்றும் கொணர்ந்து விட்டனர். பிரிட்டனில் சுமார் 400 ஆண்டுகள் காணப்படாதிருந்தது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 2015 முதல் 2020 வரை ஐந்தாண்டுகள் சோதனையாக விட்டுவைத்துப் பார்த்தபின், அங்கேயே நிலையாக வாழ அரசு இசைவளித்தது. அச்சோதனை நடந்த ஆற்றின் பெயர் நீர்நாயைக் குறிக்கும் ஓட்டர் என்பது ஒரு வேடிக்கை. செக் நாட்டில் நடந்தது இன்னும் வேடிக்கையானது. பிர்டி என்னும் காப்புப் பகுதியில் சதுப்பு நிலத்தை மீட்க அணை கட்டத் திட்டமிட்டனர். அனுமதி பெறுவதிலேயே ஏழு ஆண்டுகள் கழிந்தன. இதற்கிடையில், வேண்டிய இடத்திலேயே பீவர்கள் அணைகளைக் கட்டி முடித்துவிட்டன! அரசுக்கு 3 கோடி கொருனா மிச்சமாயிற்று என்று 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்தி வெளிவந்தது.

இவற்றையெல்லாம் கேட்டபின், இவ்விலங்கை உலகெங்கும் கொண்டுசென்றால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஓடையைக் காக்கவேண்டும் என்பதற்காக அன்றித் தோல் வாணிகத்திற்காக அவ்வாறு ஒருமுறை செய்தும் பார்த்தனர். 1946-ஆம் ஆண்டில் அர்ஜென்டினா அரசு, கனடாவிலிருந்து 20 பீவர்களைக் கொணர்ந்து, தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள டியெரா டெல் ஃபியூகோ தீவில் விட்டது. வாணிகம் தழைக்கவில்லை; பீவர்களே தழைத்தன. அவற்றை வேட்டையாடும் ஓநாயோ கரடியோ அங்கு இல்லை. அவை தீவு முழுவதும் பரவி, சிலி நாட்டுப் பகுதியிலும் புகுந்து, கடல்நீரையும் நீந்திக் கடந்து பெருநிலப்பகுதியை எட்டின. இன்று அவற்றின் தொகை 1 இலட்சம் அளவில் இருக்கலாம் என்பர்.

அங்கும் அவை செய்தவை அதே வேலைகள்தாம். மரத்தை அறுத்தன, அணை கட்டின, நீரைத் தேக்கின. விளைவோ நேர்மாறானது. வட அமெரிக்காவின் வில்லோவும் ஆஸ்பெனும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பீவருடன் வாழ்ந்து பழகியவை. வெட்டுண்டால் அடிக்கட்டையினின்றும் வேரினின்றும் மீண்டும் துளிர்க்கும். தென்கோடியில் வளரும் லெங்கா மரம் பீவரை அறியாதது. அறுபட்ட அடியினின்றும் அது பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. வேரில் நீர் தேங்கினால் நின்றவாறே மடியும். பீவர் குளத்தை விட்டு நீங்கிய பின்னரும் காடு அங்குத் திரும்புவதில்லை. புல்வெளியின் நடுவே வெளுத்த மரங்கள் வரிசையாய் நிற்கின்றன. 2008-ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவும் சிலியும் இவ்விலங்கைத் தம் தென்பகுதியினின்றும் முற்றும் அகற்றுவதென ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வேலை இன்னும் முடியவில்லை.